பைக் பயணத்துக்கு ஆக்‌ஷன் கேமரா: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

தூரத்துப்பச்சை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் இரண்டு மாதத்தில் பைக்கில் பத்து நாள் பயணம் போகிறேன், தனியாக. பாதி மலைப்பாதை, பாதி நெடுஞ்சாலை, நடுவில் கொஞ்சம் மண்பாதையும் வரும். இதுவரை போன பயணங்களில் வண்டியை நிறுத்தி இறங்கி எடுத்த போட்டோக்கள்தான் மிச்சம். ஓட்டும்போது கண்ணில் பட்டதெல்லாம் கண்ணோடு போயிற்று. இந்த முறை அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை.

போன வருடம் போனை ஹேண்டில்பாரில் மாட்டி எடுத்துப் பார்த்தேன். வீடியோ முழுக்கத் தண்ணீருக்குள் இருந்து எடுத்தது மாதிரி நெளிகிறது. அது போகட்டும், அன்றிலிருந்து அந்தப் போனின் கேமராவும் சரியில்லை. ஃபோகஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது, காதருகே வைத்தால் உள்ளே ஏதோ கிர்ர்ர் என்று சத்தம் வேறு வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

மனதில் இருப்பவை மூன்று. நண்பர் ஒருவர் விற்கப் போகும் கோப்ரோ ஹீரோ 12, புதிதாக வாங்கினால் டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, அல்லது ஒரே அடியாக எல்லாப் பக்கத்தையும் ஒன்றாகப் பிடிக்கும் 360 கேமராவான இன்ஸ்டா360 எக்ஸ்4. ஒப்பீட்டு வீடியோக்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது, பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) அளவு என்கிறார், இன்னொருவர் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) என்கிறார், மூன்றாமவர் இரண்டுமே முக்கியமில்லை என்கிறார்.

என்னுடையது முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், தாடைப் பகுதியில் காற்றுத் துளை இருக்கிறது. பைக்கில் டேங்க் பேக் உண்டு. கேமராவை எங்கே மாட்டுவது, எதை வாங்குவது, இரண்டையும் சொல்லுங்கள். வீடியோ சேனல் ஆரம்பிக்கும் எண்ணமெல்லாம் இல்லை, எனக்காகவும் வீட்டாருக்காகவும்தான்.


ரெட்டைசிலிண்டர் எழுதியது:

முதலில் போன் விஷயம். சம்பந்தம் நிச்சயமாக இருக்கலாம். இப்போதைய போன்களில் பலவற்றில் லென்ஸ் காந்தச் சுருள்களின் பிடியில் மிதந்தபடி இருக்கும். கை நடுக்கத்தைச் சரிக்கட்டுவது அந்த அமைப்புதான். எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக மணிக்கணக்கில் ஏறினால் அது கெட்டுப்போகலாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே, சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று தன் உதவிப் பக்கத்தில் எழுதிவிட்டது. ஆக்‌ஷன் கேமராக்களில் இந்த மிதக்கும் லென்ஸ் இல்லை. ஜைரோ சென்சார் அசைவை அளக்கும், படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி மென்பொருள் நேர் செய்யும். அதனால் பைக்கில் மாட்டினாலும் அந்த மாதிரிக் கெடாது. இனிமேல் போனை வழி பார்க்க மட்டும் மாட்டுங்கள், அதுவும் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மவுண்டில்.

அடுத்து உங்கள் கேள்வி. நீங்கள் எதை வாங்குவது என்று தொடங்குகிறீர்கள், நான் எங்கே மாட்டுவது என்று தொடங்கச் சொல்வேன். ஆறு வருடத்தில் நான்கு கேமரா மாற்றியவன் சொல்கிறேன், இடம் சரியாக அமைந்தால் மூன்று தலைமுறைக்கு முந்தைய கேமராவில்கூட நல்ல படம் வரும். இடம் தப்பினால் கடையில் இருப்பதிலேயே விலை கூடிய கேமராவும் உங்கள் டேங்க் பேக்கின் ஜிப்பைத்தான் படம் எடுக்கும்.

என் ஓட்டு தாடைக்கு. ஹெல்மெட்டின் உச்சியில் வைத்தால் காற்று அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் போனால் கழுத்து சொல்லும். பக்கவாட்டில் வைத்தால் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பக்கம் பாரம் தெரியும், படத்திலும் பாதி ஹெல்மெட்தான். தாடையில் வைத்தால் கண் பார்ப்பதற்கு மிக நெருக்கமான காட்சி கிடைக்கும். இரண்டு கைகள், மீட்டர், முன்னால் ரோடு, வளைவுக்குள் தலை திரும்பும்போது கேமராவும் திரும்புகிறது. பார்ப்பவருக்குத் தானே ஓட்டுவது போல் இருக்கும்.

தாடை மவுண்ட் இரண்டு வகை. ஒன்று பட்டைகளால் இழுத்துக் கட்டுவது. சீக்கிரம் மாட்டலாம், கழற்றலாம், ஆனால் சில ஹெல்மெட்டுகளில் நழுவும், காற்றுத் துளையை மூடும், வைசரைத் திறக்கும்போது இடிக்கும். இன்னொன்று ஒட்டுவது. தாடையின் வளைவுக்கேற்ப அச்சு எடுத்த துண்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுவார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஹெல்மெட் மாடலுக்கென்றே தனித்தனியாகச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள், உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள்.

ஒட்டுவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கிளம்புகிற அன்று காலையில் ஒட்டிக்கொண்டு போனவன் நான், கதை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாம். (சரி, சொல்லிவிடுகிறேன். முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே மவுண்டும் கேமராவும் சேர்ந்து கழன்றன. பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்ததால் நெஞ்சில் வந்து மோதி நின்றது.) 3எம் விஎச்பி வகை டேப் 20 நிமிடத்தில் பாதி வலு, ஒரு நாளில் சுமார் 90 சதவீதம், முழு வலுவுக்கு 72 மணி நேரம். அதுவும் அறை வெப்பநிலையில், குளிரில் ஒட்டினால் இன்னும் தாமதம். ஹெல்மெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பாலிஷ் எதுவும் இல்லாமல் பார்த்து ஒட்டுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பாலிகார்பனேட் ஓடு உள்ளுக்குள் பலவீனமாகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேட் பூச்சுள்ள ஹெல்மெட் என்றால் டேப் அவ்வளவாகப் பிடிக்காது, அதற்குப் பட்டை மவுண்ட்தான்.

கேமராவுக்கு வருகிறேன். பகல் வெளிச்சத்தில் ஹீரோ 12, ஆக்‌ஷன் 4 இரண்டுக்கும் உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. மாலையில், சுரங்கப்பாதையில், மரநிழலில் ஆக்‌ஷன் 4 முந்தும், அதன் சென்சார் பெரியது, 1/1.3 அங்குலம். ஹீரோ 12-இல் ஜிபிஎஸ் கிடையாது என்பது தெரியுமா? 11-இல் இருந்தது, 12-இல் எடுத்துவிட்டார்கள், 13-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். வீடியோவில் வேகமும் வரைபடமும் காட்டும் ஆசை இருந்தால் 12 உதவாது. அந்த ஆசை இல்லையென்றால் நண்பர் நியாயமான விலைக்குத் தந்தால் வாங்கிவிடுங்கள், மிச்சப் பணத்தை மவுண்டுக்கும் மைக்குக்கும் போடுங்கள். பழையது வாங்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா, கதவின் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.


மண்சாலை எழுதியது:

ரெட்டைசிலிண்டர் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஹெல்மெட்டில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

ஹெல்மெட் இருப்பது தலையைக் காக்க. விழுந்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்காகத்தான் அதன் வெளிப்புறம் வழவழப்பாக உருண்டையாக இருக்கிறது. அதில் ஒரு கட்டியை ஒட்டினால் அது தரையில் மாட்டித் தலையைத் திருகும் வாய்ப்பு இருக்கிறது. ஈசிஇ 22.06 என்ற ஹெல்மெட் பாதுகாப்புத் தரச் சான்றில் ஹெல்மெட் நிறுவனம் தானே குறிப்பிட்ட துணைப்பொருட்களோடு சோதித்துப் பார்க்கிறார்கள். நாம் வெளியில் வாங்கி ஒட்டும் கேமரா மவுண்டை யாரும் அப்படிச் சோதித்ததில்லை. சில இடங்களில் ஹெல்மெட்டில் கேமரா பொருத்துவதே விதிமீறல், அபராதம் உண்டு. நீங்கள் போகும் வழியில் சட்டம் என்ன என்று முதலில் பாருங்கள், அப்புறம் டேப்பைப் பிரியுங்கள்.

நான் பைக்கில்தான் மாட்டுகிறேன், மண்பாதைகூட அப்படித்தான். ஹேண்டில்பாரில் கிளாம்ப் வாங்கும்போது பாரின் விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், குரூசர்களில் பல 25.4, நடுவில் தடித்துப் போகும் வகையில் நடுப்பகுதி 28.6. பிளாஸ்டிக் கிளாம்ப் வேண்டாம், அலுமினியம் வாங்குங்கள். கை நீளம் குறைந்தால் ஆட்டமும் குறையும், இது கண்டிப்பாக நினைவிருக்கட்டும். மூன்று மூட்டுகள் போட்டு அரை அடி நீட்டிய கையில் கேமராவை வைத்தால் அது சவுக்கு மாதிரி ஆடும், எந்த ஸ்டெபிலைசேஷனும் காப்பாற்றாது. போன் வீடியோவில் நீங்கள் பார்த்த நெளிவும் அதே சாதிதான். சென்சார் படத்தை ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் எஞ்சின் பலமுறை உதறிவிடுகிறது. இதற்கு ஹேண்டில்பாரைவிடக் கிராஷ் கார்டு, ஃபோர்க் கிளாம்ப் பக்கம் மேல், ஆனால் ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு விதம். ஐந்து நிமிடம் ஓட்டி எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள், போன் திரையில் நெளிவு தெரியாது.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. பைக்கில் மாட்டிய கேமராவில் ஸ்டெபிலைசேஷனை முழுதாக வைத்தால் ரோடு அசையாமல் நிற்கும், உங்கள் மீட்டரும் டேங்கும் குடிகாரன் மாதிரி ஆடும். கேமரா பைக்கோடு சேர்ந்து ஆடுகிறது, மென்பொருள் உலகத்தை நிறுத்தப் பார்க்கிறது, பலியாவது பைக். ஃப்ரேமுக்குள் பைக்கின் பாகம் தெரிகிறது என்றால் ஸ்டெபிலைசேஷனைக் குறையுங்கள், அல்லது அணையுங்கள். பைக் தெரியவில்லை, ரோடு மட்டும்தான் என்றால் முழுதாக வைக்கலாம்.

கடைசியாக அந்தத் திருகு. கேமராவைப் பிடிக்கும் அந்தக் கைத்திருகு அதிர்வில் தானாகத் தளரும். மதியம் வாக்கில் பார்த்தால் கேமரா முன் மட்கார்டைப் பார்த்துத் தலை குனிந்திருக்கும். நான் பிளாஸ்டிக் வளையம் வைத்த நட்டுக்கு மாற்றிச் சிறு ஸ்பேனரால் இறுக்கிவிட்டேன். ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்திலும் ஒரு முறை தொட்டுப் பார்ப்பேன், செயின் பார்ப்பது மாதிரி.


ரெட்டைசிலிண்டர் எழுதியது:

மண்சாலை சொல்வதை மறுக்கவில்லை, அந்த ஆபத்து உண்மைதான். என் மவுண்டில் கேமராவைத் தாங்கும் விரல்கள் மெல்லிய பிளாஸ்டிக், பலமாக மோதினால் முதலில் உடைவது அதுதான் என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறேன். நம்பிக்கை என்றுதான் சொல்கிறேன், நான் சோதித்துப் பார்த்ததில்லை, சோதிக்கவும் ஆசையில்லை. எடை குறைவாக வேண்டுமென்றால் இன்ஸ்டா360 கோ 3எஸ் இருக்கிறது, 39 கிராம். ஆக்‌ஷன் 4-இன் எடை 145 கிராம். பேட்டரி சின்னது, ஆனால் தாடையில் இருப்பதே மறந்துவிடும்.


ஒலிப்பித்தன் எழுதியது:

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பத்து வருடம் கழித்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கும்போது உங்களை அந்த ரோட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது சத்தம்தான். கேமராவின் சொந்த மைக்கில் அறுபதைத் தாண்டினால் காற்றைத் தவிர எதுவும் கேட்காது, தகரக் கொட்டகையில் புயல் அடிப்பது போல் இருக்கும். ‘காற்றுச் சத்தம் குறை’ என்ற அமைப்பு இருக்கிறது, அது காற்றையும் குறைக்கும், எஞ்சினையும் குறைக்கும், உங்கள் குரலையும் குறைக்கும்.

பேச ஆசை இருந்தால் மைக் ஹெல்மெட்டுக்குள் போக வேண்டும். பட்டன் அளவு மைக்கை எடுத்துப் பஞ்சு உறை போட்டு, கன்ன மெத்தைக்கும் தாடைக்கும் இடையில், உதட்டின் ஓரத்துக்கு நேராக வையுங்கள். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் மூச்சு ‘புஸ்... புஸ்’ என்று மோதும், மலையேற்றத்தில் நீங்களே ரசிக்க மாட்டீர்கள். வயரைக் கன்ன மெத்தைக்கு அடியில் கொண்டுபோய்த் தாடைப் பட்டையோடு வெளியே எடுத்தால் ஹெல்மெட் கழற்றும்போது அறுந்து போகாது.

கேமராவில் அதை இணைப்பது எப்படி என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோப்ரோவில் அவர்களுடைய சொந்த அடாப்டர் அல்லது மீடியா மாட் (மைக் வைத்த கூடு) வேண்டும், கையில் கிடைக்கும் யுஎஸ்பி-சி அடாப்டரைச் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. அடாப்டரைச் செருகிப் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் கேமரா நீர்புகாத தன்மையை இழந்துவிடும், மழைக்காலத்தில் போகிறீர்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஹீரோ 12-இலிருந்து ப்ளூடூத் மைக்கை நேராக இணைக்கலாம், அதனால் உங்கள் ஹெல்மெட்டில் இண்டர்காம் (ப்ளூடூத்தில் பேசும் கருவி) இருந்தால் வயரே இல்லாமல் குரலைப் பதியலாம். தொலைபேசி அழைப்புத் தரத்தில்தான் இருக்கும், ஆனால் தனியாகப் போகிறவர் அன்றைய நாட்குறிப்பைப் பேசி வைக்க அது போதும். டிஜேஐ பக்கம் போனால் ஆக்‌ஷன் 5 ப்ரோவில் அவர்களுடைய வயர்லெஸ் மைக் ரிசீவர் இல்லாமலே இணையும், தரமும் நன்றாக இருக்கும்.

எனக்கென்று ஒரு பைத்தியம் உண்டு, எக்ஸாஸ்ட் சத்தம். சிறிய ரெக்கார்டர் ஒன்றைப் பஞ்சில் சுற்றிப் பின் சீட்டுக்கு அடியில், காற்று நேராக அடிக்காத இடத்தில், பின்னோக்கி வைத்துவிடுவேன். கிளம்பும்போது கேமராவுக்கு முன் ஒரு முறை கைதட்டினால் போதும், பிறகு எடிட் செய்யும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் சத்தத்தையும் பொருத்திவிடலாம். சைலன்சரின் சூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். ஒரு ரெக்கார்டர் உருகிய பிறகு கற்றுக்கொண்டது.


தூரத்துப்பச்சை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஹெல்மெட் விஷயத்தில் மண்சாலை சொன்னதும் உறைக்கிறது, ரெட்டைசிலிண்டர் அண்ணன் சொல்லும் காட்சிக்கும் ஆசை இருக்கிறது. நான் போகும் வழியில் சட்டத்தடை இல்லை என்று பார்த்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். பத்து நாளுக்கு பேட்டரியும் மெமரி கார்டும் எப்படிச் சமாளிப்பது? எல்லாவற்றையும் 4கே-யில் எடுத்தால் வீட்டுக்கு வருவதற்குள் கார்டு நிரம்பிவிடாதா? அப்புறம், 360 கேமரா பற்றி யாருமே வாய் திறக்கவில்லை, ஏன்?


பின்சீட்டுக்காரி எழுதியது:

நான் ஓட்டுவதில்லை, பின்னால் உட்கார்ந்து போகிறவள். ஆனால் எங்கள் இருவருடைய பயண வீடியோவையும் வெட்டி ஒட்டுவது நான்தான், அதனால் கார்டு, பேட்டரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு தம்பி.

கணக்கு சுலபம். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் பத்து நாளும் காலையிலிருந்து மாலை வரை ஓடவிடப் போகிறீர்களா என்ன? தயவுசெய்து வேண்டாம். எங்கள் முதல் பயணத்தில் அப்படித்தான் எடுத்தார் அவர், 31 மணி நேர வீடியோ. அதில் 27 மணி நேரம் முன்னால் போகும் லாரியின் பின்பக்கம். நான் அதைப் பார்த்து முடிக்கவே இரண்டு மாதமாயிற்று. இப்போது எங்கள் வழக்கம் இது: காலையில் கிளம்பும்போது ஒரு நிமிடம், மலை ஏறும் வளைவுகள், ஊருக்குள் நுழையும் இடம், மழை தொடங்கும்போது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் தாண்டினால் நானே கேமராவை அணைத்துவிடுவேன். அப்படி எடுத்தால் நாளுக்கு 30 ஜிபி, பத்து நாளுக்கு 300 ஜிபி.

512 ஜிபி கார்டு ஒன்று வாங்குவதைவிட 128 ஜிபி நான்கு வாங்குங்கள். ஒன்று தொலைந்தாலோ கெட்டாலோ மூன்று நாள் போகும், பத்து நாளும் போகாது. கார்டில் வி30 என்று போட்டிருக்க வேண்டும், அதாவது தொடர்ந்து வினாடிக்கு குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள், நமக்கு வேண்டியதற்கு இரண்டு மடங்குக்கு மேல். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். போலி கார்டுகள் நிறையச் சுற்றுகின்றன. எனக்கு ஒரு முறை மலிவாகக் கிடைத்த 256 ஜிபி கார்டில் உண்மையில் இருந்தது 32 தான். நிரம்பிய பிறகும் அது புகார் சொல்லாமல் எழுதிக்கொண்டே போனது, வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் நாளைத் தவிர மற்றதெல்லாம் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து புதுக் கார்டு வந்தால் கணினியில் போட்டு முழுக்க எழுதிப் படிக்கும் சோதனை நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுப்பேன். பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள், கணினியில் செய்ய வேண்டாம். இரவு தங்கும் இடத்தில் அன்றைய கோப்புகளைச் சிறிய எஸ்எஸ்டி-யில் (கையடக்கச் சேமிப்பான்) நகல் எடுங்கள். நகல் எடுத்த பிறகும் கார்டை அழிக்காதீர்கள், இடம் இருக்கும்வரை இருக்கட்டும்.

பேட்டரி மூன்று போதும். ஹீரோ 9-இலிருந்து 12 வரை ஒரே பேட்டரி, 13-க்கு வேறு, பழையது வாங்கும்போது இது ஒரு லாபம், எங்கேயும் கிடைக்கும். மலை உச்சிக் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், கூடுதல் பேட்டரிகளை ஜாக்கெட்டின் உள் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். வெயிலில் பிரச்சினை தலைகீழ். வண்டி ஓடும்போது காற்று கேமராவைக் குளிர்விக்கும், சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் சூடாகி அணைந்துவிடும், அதுவும் 4கே 60-இல் (வினாடிக்கு 60 படம்) சீக்கிரம். நின்றவுடன் பதிவை நிறுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், எனக்கும் வெட்டும் வேலை மிச்சம்!

இப்போது 360. அழகான பொம்மைதான், நான் மறுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத குச்சியில் பின்னால் மாட்டினால் வேறு யாரோ பறந்துகொண்டே நம்மைப் படம் எடுத்த மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் பார்ப்பது என்பதையும் வீட்டுக்கு வந்து முடிவு செய்யலாம். அங்கேதான் சிக்கலே. முடிவு செய்ய வேண்டியது யார்? நாம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்று விரலால் இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டும். 8கே என்று எழுதியிருந்தாலும் அந்த 7680 பிக்சல் முழு வட்டத்துக்கும் பங்கு போகிறது. அதில் 100 டிகிரிக் காட்சியை வெட்டி எடுத்தால் அகலத்தில் 2100 பிக்சல்தான் தேறும், ஏறக்குறைய 1080பி தரம். மங்கிய வெளிச்சத்தில் இன்னும் மோசம். லென்ஸ் இரண்டும் வெளியே புடைத்து நிற்பதால் முன்னால் போகும் வண்டி ஒரு கல்லை எறிந்தால் போதும். 2025-இல் வந்த எக்ஸ்5-இல் லென்ஸை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று செய்துவிட்டார்கள், எக்ஸ்4-இல் அந்த வசதி இல்லை. எக்ஸ்4-இன் எடை 203 கிராம், அதை நீண்ட குச்சியில் வைத்தால் மண்சாலை சொன்ன சவுக்குக் கதை இங்கே பத்து மடங்கு. ஒரே கேமராதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இது வேண்டாம். இரண்டாவது கேமராவாக என்றால் தாராளமாக வாங்குங்கள்.


மண்சாலை எழுதியது:

31 மணி நேரம்! உங்கள் வீட்டுக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா அக்கா?

இரண்டு அமைப்பு மட்டும் சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் எதையும் தொட வேண்டாம். 4கே 30 வைத்தால் பயணத்துக்குப் போதும், வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் 60. (மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் இரவில் எடுத்தால் 25 அல்லது 50 வையுங்கள், இல்லையென்றால் தெருவிளக்குகள் மினுக்கும்.) என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) வாங்கச் சொல்லி நிறையப் பேர் உசுப்பேற்றுவார்கள். வேகம் தெரியும்படி ஓரங்கள் மங்கலாக வரும், உண்மைதான், ஆனால் ஷட்டர் மெதுவானால் ஒவ்வொரு குலுக்கலும் படத்தில் மங்கலாகப் பதிந்துவிடும். படத்தை நேராக்கலாம், மங்கலை நேராக்க முடியாது. மரநிழலுக்குள் நுழைந்தால் இன்னும் கெடும். முதல் பயணத்துக்கு வேண்டாம்.


தூரத்துப்பச்சை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நண்பரிடமிருந்து ஹீரோ 12 வாங்கிவிட்டேன். ஹெல்மெட் மாடலுக்கென்று செய்த தாடை மவுண்ட் கிடைத்தது, கழுவி ஒட்டி நான்கு நாள் அப்படியே அலமாரியில் வைத்திருந்தேன், ரெட்டைசிலிண்டர் அண்ணன் நெஞ்சில் வாங்கிய அடி நினைவிருந்தது. கயிறும் கட்டியாயிற்று. மண்பாதைக்கு மட்டும் கழற்றி, கிராஷ் கார்டில் அலுமினியக் கிளாம்ப். அங்கே விழ வாய்ப்பு அதிகம், அதனால் மண்சாலைக்கு அந்தப் பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நேற்று இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். வீட்டு வாசலில் நின்று கோணம் சரிபார்த்தபோது கனகச்சிதம். ஓட்டி முடித்துப் பார்த்தால் மேலே ஒரு கீற்று ரோடு, மிச்சமெல்லாம் டேங்க் பேக். ஜிப் நன்றாகவே தெரிகிறது, அண்ணன் சொன்னது போலவே. என்ன தவறு செய்தேன்?


ரெட்டைசிலிண்டர் எழுதியது:

நின்றுகொண்டு பார்த்தீர்கள், அதுதான். பைக்கில் உட்கார்ந்து கை நீட்டியதும் உடம்பு முன்னால் சாயும், தாடை கீழே இறங்கும். கண்கள் மேலே பார்த்துச் சமாளித்துக்கொள்ளும், கேமராவுக்குக் கண் இல்லையே. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் மாட்டி, நெடுஞ்சாலையில் உட்காருவது மாதிரியே உட்காருங்கள். போனில் நேரடிக் காட்சியைத் திறந்து டேங்க் பேக்கின் மேல் வைத்துக்கொண்டு, மீட்டரின் மேல் விளிம்பு படத்தின் கீழ் ஓரத்தைத் தொடும் வரை கேமராவைத் தூக்குங்கள். வானம் அதிகமாக வருகிறதே என்று தோன்றும், அப்படியே விட்டுவிடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் மவுண்டின் மூட்டில் குறுக்கே வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள், திருகு தளர்ந்து நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.